செயலிக்கு ஒரு பதிவேடு

கணிப்பொறியின் மின்விசையை அழுத்தியது முதல் திரையில் எழுத்துகள் தோன்றும் வரை கழியும் சில விநாடிகளில், இயங்குதளம் என்னும் அடிப்படை நிரல் புதிய ஊருக்கு மாற்றலாகி வந்த அதிகாரியின் நிலையில் இருக்கிறது. தன் பொறுப்பில் உள்ளவை எவை, எத்தனை, எது எதனைச் சார்ந்தது என்பதை அது முன்கூட்டி அறியாது. ஆகவே முதற்பணியாக அது ஒரு பதிவேட்டைத் தேடி எடுத்துப் படிக்கிறது. அதை அளிப்பது, யந்திரத்தின் தாய்ப்பலகையிலேயே பதிந்துள்ள ஃபர்ம்வேர் என்னும் நிலைநிரலாகும். அப்பதிவேடு எவ்வாறு அமைந்துள்ளது, அதை நம்புமுன் எவற்றைச் சோதிக்க வேண்டும் என்பதை ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேஷ் என்பது யாது?

அந்தமான் நிகோபார்த் தீவுகளில் வாழ்வோர்க்குக் கிடங்கின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்திற்கு (2024-ம் ஆண்டு வரை போர்ட் பிளேர் என வழங்கிய நகரம்) கடல்வழித் தொலைவு ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். கப்பல் வந்து சேர மூன்று நாட்களாகும். ஒவ்வொரு படி அரிசிக்கும் சென்னைக்குக் கப்பல் அனுப்புவதாயின் வாழ்க்கை நடவாது. எனவே தலைநகரில் பெருங்கிடங்கும், தீவுகளில் சிறு கிடங்குகளும், ஊரில் கடையும் வைத்திருக்கிறோம். கடையில் இல்லாதது கிடங்கிலிருந்து வரும். கிடங்கிலும் இல்லாதது கப்பலில் வரும்.

கணிப்பொறியிலும் இதே ஏற்பாடுதான். கணக்கிடும் உறுப்பாகிய கோர் ஒவ்வொன்றின் அருகிலும் மிகச் சிறிய, மிக விரைவான நினைவகம் ஒன்று உண்டு. இதுவே முதல்நிலைக் கேஷ். அடுத்து, சற்றுப் பெரியதும் சற்றுத் தாமதமுள்ளதுமான இரண்டாம் நிலை. பல யந்திரங்களில் மூன்றாம் நிலையும் உண்டு. அதற்கும் அப்பால் முதன்மை நினைவகம். முதல்நிலைக் கேஷிலிருந்து ஓர் எண்ணை எடுக்கச் செயலியின் கடிகாரத் துடிப்புகளில் நான்கைந்து போதும்; முதன்மை நினைவகத்திலிருந்து எடுக்கவோ பெரும்பாலும் இருநூறும் அதற்கு மேலும் வேண்டும்.

இக்கேஷ்களுள் சில ஒரு கோருக்கே உரியன. சில, பல கோர்களுக்குப் பொதுவானவை. ஒன்றுக்கொன்று அடிக்கடி செய்தி பரிமாறிக்கொள்ளும் இரண்டு வேலைகளை, ஒரே கேஷைப் பகிரும் இரு கோர்களிடம் ஒப்படைத்தால் பணி விரைவாக முடியும். வெவ்வேறு கிடங்குகளைச் சார்ந்த கோர்களிடம் ஒப்படைத்தால், செய்தி ஒவ்வொரு முறையும் நெடுந்தொலைவு சென்று மீள வேண்டும். யார் எந்தக் கிடங்கைப் பகிர்கிறார் என்பது தெரியாத இயங்குதளம் பணியைச் செவ்வனே பங்கிட இயலாது. விடை தவறாது, வேளை தவறும். யாரும் முறையிடாத குறை இது. ஆதலால் பல்லாண்டுகள் கவனிக்கப்படாமலே இருந்துவிடவும் கூடும்.

பதிவேட்டின் அமைப்பு

யந்திரத்தின் அமைப்பை அட்டவணைகளாக எழுதி இயங்குதளத்திடம் அளிக்கும் ஏ.சி.பி.ஐ. என்னும் பொது விதிமுறையை, இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996-ம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டன. 2017-ம் ஆண்டு மே மாதம் வெளிவந்த அதன் 6.2-ம் பதிப்பில், செயலிகளின் படிநிலையையும் கேஷ்களையும் விவரிக்கும் தனி அட்டவணை ஒன்று சேர்க்கப்பட்டது. அதன் சுருக்கப் பெயர் பி.பி.டி.டி. லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னல், 2018-ம் ஆண்டு ஆகஸ்டில் வெளியான 4.18-ம் பதிப்பு முதல் இவ்வட்டவணையைப் படித்து வருகிறது.

அட்டவணையின் தொடக்கத்தில் 36 பைட் நீளமுள்ள தலைப்பு உண்டு. பெயர், மொத்த நீளம், பதிப்பு எண், சரிபார்ப்பு எண், தயாரித்தவர் அடையாளம் ஆகியவை அதில் அடங்கும். பின்னர் வரிசையாகப் பதிவுகள் வருகின்றன. கோர், கோர்களின் தொகுதி, முழுச் செயலி ஆகியவற்றைக் குறிப்பது ஒரு வகை; இதன் நீளம் 20 பைட், அதனோடு அதற்குரிய கேஷ் ஒவ்வொன்றிற்கும் 4 பைட். கேஷைக் குறிப்பது மற்றொரு வகை. முதலில் வகுத்தவாறு இதன் நீளம் 24 பைட்.

இங்கே நோக்கத்தக்க ஒரு விஷயம் உண்டு. தாய்ப் பதிவில் பிள்ளைகளின் பட்டியல் இராது; பிள்ளைப் பதிவில்தான் தாயின் இருப்பிடம் எழுதப்பட்டிருக்கும். கிராமக் கணக்கில் வட்டத்தின் பெயரையும், வட்டக் கணக்கில் மாவட்டத்தின் பெயரையும் எழுதுவதை இது ஒக்கும். கேம்பல் பே கிராமத்தின் ஏட்டில் கிரேட் நிகோபார் வட்டம் என்றும், வட்டத்தின் ஏட்டில் நிகோபார் மாவட்டம் என்றும் இருந்தால், மேல்நோக்கிச் சென்று முழு வரிசையையும் அறியலாமன்றோ?

வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டத்தக்க சிறிய எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். ஒரு செயலியில் இரண்டு கோர்கள் உள்ளன என்று கொள்வோம். 36-ம் இடத்தில் முழுச் செயலியின் பதிவு: தாய் 0, கேஷ் 156. 60-ம் இடத்தில் முதற் கோர்: தாய் 36, கேஷ் 108. 84-ம் இடத்தில் இரண்டாம் கோர்: தாய் 36, கேஷ் 132. 108, 132, 156 ஆகிய இடங்களில் மூன்று கேஷ் பதிவுகள். ஆறு பதிவுகளும் 24 பைட் நீளமுள்ளவை. அட்டவணையின் மொத்த நீளம் 180.

இயங்குதளம் முதற் கோரிலிருந்து புறப்படுகிறது. 108-ல் ஒரு கேஷைக் காண்கிறது. அது முதல் நிலை. தாயாகிய 36-க்கு ஏறி, 156-ல் மற்றொன்றைக் காண்கிறது. அது இரண்டாம் நிலை. அங்கே தாய் 0 என்றிருப்பதால் பயணம் முடிகிறது. இரண்டாம் கோரிலிருந்து புறப்பட்டால் முதலில் 132-ம், பின்னர் அதே 156-ம் எதிர்ப்படுகின்றன. இரு பாதைகளும் 156-ல் கூடுவதால், அக்கேஷ் இரு கோர்களுக்கும் பொதுவானது என்பது தெளிவாகிறது. முதல் நிலை, இரண்டாம் நிலை என்ற எண்கள் அட்டவணையில் எங்கும் எழுதப்படவில்லை. ஏறிச் செல்லும் வழியில் எண்ணிப் பெறப்படுகின்றன.

நம்புமுன் செய்யும் சோதனைகள்

முதற் சோதனை கூட்டல். அட்டவணையிலுள்ள பைட்கள் அனைத்தையும் கூட்டி 256 ஆல் வகுத்தால் மீதி 0 வரவேண்டும். ஏனையவற்றின் கூட்டல் 250 மீதி தருமாயின், சரிபார்ப்பு எண் 6 என்று எழுதப்படும். ஏதேனும் ஒரு பைட் மட்டும் சிதைந்தால் இச்சோதனை காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இரண்டு பைட்கள் இடம் மாறினால் கூட்டல் மாறாது, பிழை தப்பிவிடும்.

இரண்டாவது எல்லைச் சோதனை. ஒரு பதிவு இருப்பதாகக் கூறப்படும் இடம் அட்டவணைக்கு உட்பட்டதா, அப்பதிவின் முடிவு அட்டவணையின் முடிவைத் தாண்டுகிறதா என்று பார்க்கப்படுகிறது. தாண்டினால், வேறெதற்கோ உரிய நினைவகப் பகுதியைச் செயலியின் விவரமென்று எண்ணிப் படிக்கும் விபரீதம் நேரும். மூன்றாவதாக, பதிவின் நீளம் 0 என்றிருந்தால் அது தள்ளப்படுகிறது. நீளத்தைக் கூட்டித்தான் அடுத்த பதிவுக்குச் செல்கிறோம். 0 கூட்டினால் நின்ற இடத்திலேயே முடிவின்றி நிற்க நேரும்.

நான்காவதாக, கேஷின் அளவு, தொகுதி எண்ணிக்கை, வரியின் நீளம் முதலியன ஒவ்வொன்றிற்கும் ‘இவ்விவரம் செல்லும்’ என்னும் குறி தனியே உண்டு. குறியில்லாத இடத்திலுள்ள எண்ணை உபயோகிக்கலாகாது. படிவத்தில் நிரப்பப்படாத கட்டத்திற்கும், 0 என்று நிரப்பப்பட்ட கட்டத்திற்கும் உள்ள வேற்றுமையைப் புள்ளிவிவரம் சேகரிப்போர் நன்கு அறிவர்.

கடைசி வரி விடுபட்ட வரலாறு

சோதனையே பிழைக்கு இடமாவதும் உண்டு. லினக்ஸ் கெர்னலில் இவ்வட்டவணையைப் படிக்கும் பகுதியில், பதிவின் அளவாகிய 20 பைட்டை ஒப்பிடவேண்டிய இடத்தில், அதைச் சுட்டும் முகவரியின் அளவு தவறுதலாக எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. அரைகுறையாக முடிந்த பதிவையும் முழுப் பதிவென்று படிக்க இது இடமளித்தது. எனவே 20 பைட் என்றே ஒப்பிடுமாறு திருத்தம் செய்தனர். ஆனால் பதிவின் தொடக்கத்தோடு அதன் அளவைக் கூட்டிய தொகை, அட்டவணையின் முடிவைவிடக் ‘குறைவாக’ இருக்கவேண்டும் என்ற பழைய விதி மட்டும் அப்படியே நின்றது.

இதன் விளைவைப் பாருங்கள். மொத்த நீளம் 200 ஆகவுள்ள ஓர் அட்டவணையில், தனிக் கேஷ் குறிக்கப்படாத கோர் ஒன்றின் பதிவு 180-ல் தொடங்கிக் கடைசியாக நிற்கிறது. 180-உடன் 20 சேர்ந்தால் 200. இது முடிவைவிடக் குறைவன்று, முடிவுக்குச் சமம். முற்றிலும் முறையான அப்பதிவு தள்ளப்பட்டது. அட்டவணை இருக்கிறது, ஆனால் இன்ன கோரைக் காணவில்லை என்னும் பிழைச் செய்தி தொடக்கக் குறிப்பில் தோன்றியது. 2025-ம் ஆண்டில் இக்குறை கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது.

எல்லையைத் தாண்டிப் படிப்பது ஒரு தவறு. எல்லைக்கு ஒரு வரி முன்னரே நின்றுவிடுவதும் அதற்கு இணையான தவறே. இந்தியாவின் தென்கோடித் தீவாகிய கிரேட் நிகோபார், பட்டியலில் கடைசியாக வருவதால் கணக்கில் விடுபடுமாயின் அங்குள்ள மக்கள் ஏற்பரா? கடைசி வரியில் நிற்பவரும் வரிசையில் உள்ளவரே.

ஏடும் தரையும்

எல்லாச் சோதனைகளிலும் தேறிய அட்டவணையும் உண்மைக்கு மாறாக இருக்கக்கூடும். கூட்டல் சரியாயிருப்பது ஏடு சிதையவில்லை என்பதற்கே சான்று. ஏட்டில் உள்ளது மெய் என்பதற்குச் சான்றன்று. இதனைத் தீவுவாசிகள் பெருந்துயரத்தின் வாயிலாகக் கண்டவர்கள். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில், இந்திரா முனைப் பகுதி ஏறத்தாழ 4.25 மீட்டர் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடல் நீரில் நின்றது. போர்ட் பிளேர் ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தது. வட அந்தமானின் மேற்குப் புறத்திலோ நிலம் உயர்ந்து பவளப்பாறைகள் நீருக்கு மேல் வெளிப்பட்டன. முந்திய நாள் வரை சரியாயிருந்த வரைபடங்களில் ஓர் எழுத்தும் அழியவில்லை, தரைதான் மாறிவிட்டது. மீண்டும் அளந்தாலன்றி வேறு வழியில்லை.

யந்திரத்திலும் இவ்வாறே. ஒரே வகைத் தாய்ப்பலகையில் வெவ்வேறு செயலிகள் பொருத்தப்படுகின்றன. சிலவற்றில் சில கோர்கள் செயலற்றவையாக ஆக்கப்படுகின்றன. ஃபர்ம்வேர் இம்மாற்றத்தை அட்டவணையில் காட்டத் தவறினால், பழைய வரைபடத்தைக் கொண்டு கப்பலோட்டுவது போலாகும்.

நம் நாட்டிலும் இவ்விஷயம் தொலைவானதன்று. சி-டாக் நிறுவனம் உயர்திறன் கணிப்பொறிகளுக்காக வடிவமைக்க முற்பட்ட ‘ஓம்’ என்னும் ஆர்ம் வகைச் செயலிக்கு, 2023-ம் ஆண்டில் வெளியான விவரங்களின்படி, 48 கோர்கள் வீதம் இரண்டு துண்டுகளாக 96 கோர்கள். எந்தக் கோர் எந்தத் துண்டைச் சார்ந்தது என்பதை இயங்குதளத்திற்கு உரைப்பது இத்தகைய அட்டவணையின் பணி. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ‘சக்தி’ செயலி வேறொரு மரபைச் சார்ந்தது. 2018-ம் ஆண்டில் சில்லாக வடிவெடுத்து லினக்ஸை இயக்கிய இச்செயலியின் வகையில், ‘சாதன மரம்’ எனப்படும் விவரணை, தொடக்கத்திலேயே கெர்னலிடம் ஒப்படைக்கப்படுகிறது. பள்ளிகளில் மிகுதியாகக் காணும் இன்டெல், ஏ.எம்.டி. செயலிகளிடமோ, சி.பி.யு.ஐ.டி. என்னும் கட்டளையால் கேஷ் விவரத்தை நேரிலேயே கேட்டறியலாம். வழிகள் மூன்று, கேள்வி ஒன்றே.

பள்ளியிலும் பணியிடத்திலும்

சென்னையிலுள்ள சி-டாக் 2007-ம் ஆண்டில் வெளியிட்ட ‘பாஸ்’ லினக்ஸ் அல்லது வேறெந்த லினக்ஸ் கணிப்பொறியிலும், ஆசிரியர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். கட்டளைச் சாளரத்தில் எல், எஸ், சி, பி, யு என்னும் ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளைச் சேர்த்துத் தட்டினால், கோர்களின் எண்ணிக்கையும் கேஷ்களின் அளவும் தோன்றும். அதன்பின் ஓர் இடைவெளியும், சிறுகோடும், ஈ என்னும் சிற்றெழுத்தும் சேர்த்தால், ஒவ்வொரு கோருக்கும் உரிய கேஷின் எண் பட்டியலாக வரும். ஒரே எண் இரு கோர்களுக்கு நேரே இருந்தால் அக்கேஷ் பொதுவானது. மாணவர்கள் அதிலிருந்து படிநிலைப் படம் ஒன்றை வரையட்டும். தொகுதிகளின் எண்ணிக்கை, ஒரு தொகுதியிலுள்ள வரிகள், வரியின் நீளம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் கேஷின் அளவு வரவேண்டும்: 64 × 8 × 64 = 32,768 பைட், அதாவது 32 கிலோபைட்.

களப்பணியாளர்கள், புதிய யந்திரம் வந்தவுடன் இப்பட்டியலை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்வது நலம். பின்னர் யந்திரம் மெதுவாக ஓடுவதாகத் தோன்றினால், பழைய பட்டியலோடு ஒப்பிட்டு, தொடக்கக் குறிப்பிலுள்ள பிழைச் செய்தியையும் இணைத்து எழுதினால், தொலைவிலுள்ள நிபுணர் காரணத்தை விரைவில் காண்பார். 2020-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ம் நாள் தொடங்கப்பெற்ற, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை–அந்தமான் கடலடிக் கம்பி வழியே, திருத்திய ஃபர்ம்வேரை இன்று தீவிலிருந்தபடியே பெறலாம். ஆயினும் அதைப் பதிக்கும்போது மின்சாரம் தடைப்பட்டால் யந்திரம் தொடங்காமலே போகக்கூடும். மாற்றுப் பலகை வருவதற்குக் கப்பலை எதிர்நோக்க வேண்டியிருக்கும். ஆதலால் மின்சேமிப்புக் கருவியின் துணையின்றி அப்பணியில் இறங்கலாகாது.

பதிவேட்டை மதித்துப் படித்தல், படித்ததைச் சோதித்தல், சோதித்ததைத் தரையோடு ஒப்பிடுதல் ஆகிய மூன்றும் கெர்னல் எழுதுவோர்க்கு மட்டும் உரிய கடமைகளல்ல. நிலம் அளப்போர்க்கும், மழை அளப்போர்க்கும், வருகைப் பதிவேடு எழுதும் ஆசிரியர்க்கும் அவை பொதுவானவை.