கால்வாயும் குழாயும்

சென்னைச் சிறுவனிடம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வினவினால், குழாயிலிருந்து என்பான். கோடைக்காலமாயின் லாரியிலிருந்து என்பான். எஞ்சிய விடையைக் கண்ணாற் காணட்டும் என்று, என் பழைய மாணவர் ஆசிரியராகப் பணியாற்றும் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவரை ஒருநாள் அழைத்துச் சென்றனர். நானும் உடன்சென்றேன்.

முதலிற் கண்டது பூண்டி. கொசத்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பெற்ற நீர்த்தேக்கம் இது. மேயராயிருந்த சத்தியமூர்த்தி இதன் நிறைவைக் காணாமலே 1943-இல் மறைந்தார். நீர்த்தேக்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1983-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, கிருஷ்ணை நீர் ஆந்திரத்தின் கண்டலேற்றிலிருந்து 152 கிலோமீட்டர் கால்வாய்வழி வந்து, ஊத்துக்கோட்டையருகே தமிழக எல்லையைத் தொட்டு, மேலும் 25 கிலோமீட்டர் ஓடி இங்குச் சேர்கிறது. முதல் நீர் வந்தது 1996-இல். ஆண்டுக்கு 1,200 கோடி கன அடி என்பது கணக்கு. பல ஆண்டுகளில் அது கணக்காகவே நின்றுவிட்டது.

எல்லாவற்றையும் மாணவர்கள் 'ஷட்டர்' என்றே சுட்டினர். வேண்டும்போது திறந்து நீர்விடுவது மதகு என்றும், ஏரி நிறைந்தபின் மிகைநீர் தானே வழிந்தோடுவது கலிங்கு என்றும் கூறினேன். தமிழாசிரியன் வேறென் செய்வான்!

அடுத்தது புழல். நாளொன்றுக்கு 30 கோடி லிட்டர் நீரைத் தூய்மை செய்யும் நிலையம் அங்குள்ளது. ஏரிநீரில் படிகாரம் கலக்கின்றனர். தாமாகப் படியாத நுண்துகள்கள் அதனால் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகி அடியில் படிகின்றன. கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தெளிவித்த நம் முன்னோர் செயலும் இத்தகையதே. கலித்தொகையில் அது உவமையாகவே வந்துள்ளது. தெளிந்த நீர் மணற்படுகையில் வடிந்து, பின்னர்க் குளோரின் கலக்கப்பெறுகிறது.

"ஐயா, கால்வாயில் சாயக்கழிவு கலந்தாலும் இங்கே சுத்தமாகிவிடுமா?" என்று ஒருவன் கேட்டான். பொறியாளர் சற்றுத் தயங்கி, "இல்லை தம்பி" என்றார். மணல் தடுப்பது மிதக்கும் துகளை. குளோரின் கொல்வது கிருமியை. நீரில் கரைந்துவிட்ட உப்பும் உலோகமும் இரண்டையும் கடந்து குடத்துக்கே வந்து சேரும். சாக்கடை கலந்தாலோ, அவ்வழுக்கே குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிஞ்சாது. ஆகவே தூய்மைப்பணி நிலையத்தில் தொடங்குவதன்று, கால்வாய்க்கரையில் தொடங்குவது. அன்று காலை வழியில் கரையோரம் குப்பை கொட்டியிருந்த இடத்தை மாணவர்களே நினைவுபடுத்தினர்.

குழாய்நீரின் நெடியைப் பற்றியும் கேட்டனர். வீடுவரை செல்லும் வழியிலும் காவல் வேண்டும் என்று சிறிதளவு குளோரினை வேண்டுமென்றே எஞ்சவிடுகின்றனர். நீர்விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் குறைய, விரிசல்வழியே புறத்துக் கழிவுநீர் உள்ளே இழுபடும். நம் தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் எத்துணை நெருங்கிக் கிடக்கின்றன என்பதைப் பள்ளம் தோண்டும்போது பார்த்தவர் அறிவர். நெடியே இல்லாத நாளில்தான் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும் என்றார் பொறியாளர்.