வீழ்ந்த மரமும் எழும் காடும்

மழைக்காடு என்றதும் அயனமண்டலத்தையே நினைப்பது நம்மிடையே வழக்கம். எனினும், சமுத்திரக் காற்று மலையில் மோதி மழை பொழியும் சில கரையோரங்களில், இடைவெப்ப வலயத்திலும் மழைக்காடுகள் உள. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் குடாநாட்டிலுள்ள ஹோ பள்ளத்தாக்கு அத்தகையது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீற்றர் மழை பெறும் இக்காட்டில், மரங்களுக்கு வேரூன்ற இடமளிப்பது தரை ஒன்றே அன்று என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

இங்கு ஓங்கி நிற்பவை சிற்கா ஸ்புரூசும் மேற்கு ஹெம்லொக்கும் ஆகும். (சோக்கிரதீசு அருந்திய நஞ்சுச் செடியின் பெயரை இம்மரம் பெற்றிருப்பினும் இரண்டுக்கும் உறவில்லை.) இவற்றின் வித்துக்கள் மிகச் சிறியன. தரையில் முளைக்கும் நாற்றுக்களுட் பெரும்பாலானவை பாசியாலும் வாட்பன்னத்தின் அடர்ந்த இலைகளாலும் மூடப்பட்டு மடிகின்றன. வீழ்ந்து கிடக்கும் பெருமரத்தின் முதுகில் முளைத்தவையோ பிழைக்கின்றன. அங்கே ஈரம் தேங்கி நிற்கும், போட்டியும் குறைவு. நாற்றின் வேர்கள் கட்டையின் இருபுறமும் வழிந்து நிலத்தை அடைகின்றன. கட்டை உக்கி மறையப் பல நூற்றாண்டுகள் செல்லலாம். மறைந்த பின்னர், கயிறு பிடித்து நட்டாற்போல நேர்வரிசையில், வேர்க்கால்களை ஊன்றி மரங்கள் நிற்பதைக் காணலாம்.

பேரிலை மேப்பிளின் செய்தி இன்னும் வியப்புக்குரியது. அதன் கிளைகளைப் பாசி தடித்த மெத்தையாக மூடுகின்றது. மடிந்த பாசி காலப்போக்கில் மண்ணாகின்றது. அம்மண்ணில் வளரும் பன்னமொன்றின் கிழங்கு அதிமதுரம்போல இனிக்கும். கரையோரப் பழங்குடியினர் அதனை மென்று வந்தனர். மழை குன்றிய கோடையில் இலையிழந்து உறங்கும் இப்பன்னம், இலையுதிர்கால மழையுடன் மீண்டும் தளிர்க்கின்றது. மேப்பிள் தன் கிளைகளிலிருந்தே வேர்விட்டு அப்பாசி மண்ணினுள் செலுத்துகின்றது என்பதை நளினி நட்கர்ணி 1981 இல் வெளிப்படுத்தினார். ஒட்டி வளர்வன மரத்துக்கு வெறுஞ்சுமை என்ற கருத்து இதனால் தளர்ந்தது.

மரவியாபாரக் கண்ணுக்கோ வீழ்ந்த மரம் வீண்பொருள். பள்ளத்தாக்கின் மேற்பகுதி, 1938 இல் நிறுவப்பட்ட ஒலிம்பிக் தேசியப் பூங்காவினுள் அடங்குகின்றது. அதற்கு வெளியே, பழங்காட்டின் பெரும்பகுதி 20 ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. கூட்டரசுக் காடுகளில் வெட்டும்போது பெருங்கட்டைகள் சிலவற்றை நிலத்தில் விட்டுவைக்க 1994 இன் திட்டம் விதி செய்தது. ஆயினும், சில தசாப்தங்களுக்கு ஒருமுறை அறுவடையாகும் நடுகைக் காட்டில், அவ்வாறு விட்டுவைக்கத்தக்க பருமனுடைய மரங்கள் உருவாவதேயில்லை.