மரநாய்த் தொல்லை: கோழிக்கூட்டையும் கூரையையும் காப்பது எப்படி?

இரவில் நன்றாக அடைத்த கோழி காலையில் செத்துக் கிடந்தால் பலரும் கீரியின் மீதே பழி போடுகிறார்கள். இது சரியன்று. கீரி பகலில் இரை தேடும் பிராணி. இரவுக் களவுக்கு மரநாய், காட்டுப்பூனை, ஊர்ப்பூனை இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். தோப்பும் ஓட்டு வீடும் அடுத்தடுத்து இருக்கும் இடங்களில் முதலில் மரநாயைச் சந்தேகிக்கலாம்.

பெயரில் நாய் இருந்தாலும் இது நாய் இனம் அன்று. புனுகுப்பூனையின் குடும்பத்தைச் சேர்ந்தது. உடல் ஏறக்குறைய ஒன்றரை அடி, வாலும் அதே அளவு. எடை 3, 4 கிலோ இருக்கும். கருஞ்சாம்பல் நிறம், முகத்தில் கறுப்புத் திட்டு. பழம், எலி, நத்தை, பூச்சி, முட்டை, கோழிக்குஞ்சு எல்லாம் தின்னும். பனையில் கட்டிய கலயத்திலும் வாய் வைக்கும். இது நடமாடும் இடத்தை அதன் எச்சமே காட்டிக் கொடுத்துவிடும். மதில் மேலும், பாறையிலும், கிளையிலும் பழக்கொட்டைகள் செரிக்காமல் அப்படியே கலந்த எச்சம் கிடந்தால் அது மரநாயின் வேலை என்று கொள்ளலாம்.

கோழிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து மேலே ஒரு கல்லை வைப்பது போதாது. இரவுக்குப் பலகைக் கூடோ, அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பி வலை அடித்த கூடோ தேவை. மெல்லிய அறுகோண வலை கோழியை வெளியே போகாமல் தடுக்குமே தவிர, பகையை உள்ளே வராமல் தடுக்காது. கூரைப் பக்கத்தையும் மூட வேண்டும். மரநாய் மேலிருந்து இறங்கும் பிராணி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கதவுக்குக் கயிறு கட்டாமல் கொண்டி போட்டுப் பூட்ட வேண்டும். பூனை நுழையும் சந்து எதையும் விட்டுவைக்கக் கூடாது. பொழுது சாயுமுன் முட்டைகளை எடுத்துவிடுவது நலம். நாய்க்கு வைத்த சோறு, மீன் கழிவு, உதிர்ந்த சப்போட்டா, பப்பாளி ஆகியவை இரவில் முற்றத்தில் கிடந்தால் அவையே அழைப்பாகிவிடும். வாழைத்தாரைப் பழுக்குமுன் வெட்டி வீட்டுக்குள் பழுக்க வைக்கலாம்.

தனித்து நிற்கும் மரமானால் ஆள் உயரத்தில் இரண்டடி அகலத் தகரத்தைத் தண்டைச் சுற்றி அடித்தால் ஏற முடியாமல் வழுக்கும். பக்கத்து மரத்தின் மட்டையோ கிளையோ தொட்டுக்கொண்டிருந்தால் தகரம் வீண்செலவு.

ஓட்டுக்கும் மச்சுக்கும் இடையே குடியேறிய மரநாயை வெளியேற்றுவதில்தான் நிதானம் தேவை. முதலில் கூரையைத் தொடும் கிளைகளை வெட்ட வேண்டும். வந்துபோகும் சந்தின் முன்னே இரவில் சாம்பலைத் தூவினால் காலடித்தடம் வழியைக் காட்டும். அவசரப்பட்டுச் சந்தை அடைத்துவிடக் கூடாது. உள்ளே குட்டிகள் இருந்தால், வெளியே அகப்பட்ட தாய் ஓட்டைப் பிரிக்கும். குட்டிகள் செத்து வீடே நாறும். கீச்சுக்குரல் கேட்டால் குட்டிகள் வளர்ந்து தாயோடு வெளியேறும்வரை பொறுப்பதே வழி. குட்டிகள் இல்லையென்று தெரிந்தால், மச்சில் இரண்டு மூன்று நாள் விளக்கெரிய விட்டுப் பகலில் தட்டிச் சத்தம் எழுப்பலாம். பகல் தூக்கம் கெட்டால் வேறிடம் தேடிப் போகக்கூடும். இருட்டிய பின் அது இரைக்குப் போனதை உறுதி செய்துகொண்டு, சந்தைத் தகரத்தாலோ கம்பி வலையாலோ அடைக்கலாம். துணி, வைக்கோல் திணிப்பது பயன் தராது.

சிலர் பழத்திலோ முட்டையிலோ குருணை மருந்தைக் கலந்து வைக்கிறார்கள். அதை வீட்டு நாயும் தின்னும். குழந்தையின் கைக்கும் எட்டும். கூட்டைச் சுற்றி மின்கம்பி இழுப்பது அதைவிட மோசம். இருட்டில் மாட்டைத் தேடி வரும் அண்டை வீட்டுக்காரர் உயிரே போகலாம். மேலும், மரநாய் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ள பிராணி. கொல்வதும், அனுமதியின்றிப் பொறி வைத்துப் பிடிப்பதும் குற்றம். எலியையும் நத்தையையும் தின்பதால் விவசாயிக்கு இதனால் ஓரளவு நன்மையும் உண்டு.

அறைக்குள் அகப்பட்டுக்கொண்டால் மூலையில் மடக்கக் கூடாது. இரவில் விளக்கை அணைத்து, கதவைத் திறந்து வைத்து விலகி நின்றால் தானே போய்விடும். கிணற்றில் விழுந்திருந்தால் ஒரு மூங்கிலைச் சாய்த்து இறக்கினால் ஏறி வந்துவிடும். காயம்பட்டதைக் கண்டால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றி டாக்டரைக் கேட்க வேண்டும்.