சதையைக் கிள்ளாமலே ஸ்கேன் படம் சொல்லும் சேதி! புற்றுநோய் மருந்து யாருக்குப் பலிக்கும்?

உடம்பில் உள்ள காவல் அணுக்களைத் தட்டி எழுப்பிப் புற்றுநோயோடு மோத விடும் மருந்துகள் உண்டு. விலையோ யானை விலை! அப்படியும் பலருக்குப் பலிப்பதில்லை.

கட்டிக்குள் காவல் அணுக்கள் ஏற்கனவே புகுந்திருந்தால் பலிக்க வாய்ப்பு அதிகம். அதை அறியக் கட்டியில் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதிக்க வேண்டும்.

கிள்ளாமலே அறிய முடியுமா?

பாரீஸ் அருகே உள்ள குஸ்தாவ் ரூசி புற்றுநோய் ஆஸ்பத்திரி டாக்டர்கள் முயன்றார்கள். 135 நோயாளிகளின் ஸ்கேன் படங்களையும், கட்டியின் மரபணுக் குறிப்புகளையும் கம்ப்யூட்டரில் பொருத்திப் பார்த்தார்கள். காவல் அணுக்கள் நிறைந்த கட்டிக்குப் படத்திலேயே தனி அடையாளம் தெரிந்தது!

பிறகு, அந்த வகை மருந்து ஏற்றப்பட்ட 137 பேரின் படங்களைச் சோதித்தார்கள். அடையாளம் பலமாக இருந்தவர்கள் பொதுவாகக் கூடுதல் காலம் பிழைத்திருந்தார்கள். 2018-ல் முடிவு வெளியானது.

"அப்போ, என் ஸ்கேனைப் பார்த்தே சொல்லிடுவீங்களா டாக்டர்?" என்று அவசரப்பட வேண்டாம். இது இன்னும் ஆராய்ச்சிதான். சதைச் சோதனையைத் தட்டிக்கழிக்கக் கூடாது!