பிறந்தநாள் விருந்தும் செமக்காவ் தீவும்

பிறந்தநாள் என்பது நம் வீடுகளில் இன்று ஒரு குடும்ப நிகழ்ச்சி மட்டுமன்று. உறவினர்கள் கூடும் நாள், நண்பர்கள் சேரும் நாள், ஆண்டு முழுவதும் பார்க்காதவர்களைப் பார்க்கும் நாள். குழந்தையின் முதல் பிறந்தநாள், இளையர்களின் 21ஆம் பிறந்தநாள், தாத்தாவின் மணிவிழா என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், ஓர் அலங்காரம், ஒரு கேக். கொண்டாடுவதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால், விருந்து முடிந்தபின் கறுப்புப் பைகளில் மூட்டை கட்டுகிறோமே, அவை எங்கே போகின்றன? பசுமையான பிறந்தநாள் பற்றிப் பேச விரும்பும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே என்பது என் எண்ணம். விடை தெரிந்துவிட்டால், எந்த யோசனை உண்மையில் பயன் தரும், எது வெறும் விளம்பரம் என்பதை நாமே முடிவு செய்யலாம்.

குப்பை போகும் இடம்

அடுக்குமாடி வீடுகளில் வாழும் நமக்குக் குப்பை என்பது ஒரு சிறிய மூடியோடு முடிந்துவிடுகிறது. குப்பைக் குழாயின் மூடியைத் திறக்கிறோம், பையைத் தள்ளுகிறோம், கீழே 'தொப்'பென்று ஒரு சத்தம் கேட்கிறது. அதன்பிறகு அதை நாம் நினைப்பதில்லை. அந்தப் பை லாரியில் ஏறி எரிஆலைக்குச் செல்கிறது. எரிப்பதால் குப்பையின் கன அளவு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைகிறது. அந்த வெப்பத்திலிருந்து மின்சாரமும் கிடைக்கிறது. மிஞ்சும் சாம்பலும் எரிக்க முடியாத பொருள்களும் துவாஸிலிருந்து படகில் ஏற்றப்பட்டு, சிங்கப்பூரின் தெற்கே உள்ள செமக்காவ் நிரப்புநிலத்தைச் சென்றடைகின்றன.

லோரோங் ஹாலுஸ் குப்பைமேடு மூடப்பட்டதைத் தொடர்ந்து 1999 ஏப்ரலில் செமக்காவ் செயல்படத் தொடங்கியது. இன்று நம் நாட்டில் உள்ள ஒரே நிரப்புநிலம் அதுதான். நிலத்தில் இடமில்லாததால், செமக்காவ், சாக்கெங் என்னும் இரு தீவுகளுக்கு இடையே 7 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறைக் கரை எழுப்பி, கடலின் ஒரு பகுதியையே அடைத்து அதை உருவாக்கினார்கள். பரப்பளவு 350 எக்டர்; செலவு 610 மில்லியன் வெள்ளி. 2045 வரை அது தாங்கும் என்று முதலில் கணக்கிட்டிருந்தனர். குப்பை பெருகியதால் அந்தக் கணக்கு 2035க்கு முன்னே வந்துவிட்டது. 2019ஆம் ஆண்டின் 'கழிவற்ற தேசம்' பெருந்திட்டம், செமக்காவுக்கு அனுப்பப்படும் கழிவை ஒருவருக்கு இவ்வளவு என்ற அளவில் 2030க்குள் 30 விழுக்காடு குறைக்க இலக்கு வைத்தது இதனால்தான். 2035 தொலைவில் இல்லை. இன்று முதலாம் ஆண்டில் படிக்கும் ஒருவர், அப்போது தம் பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் கொண்டாடும் வயதில் இருப்பார்.

இந்தப் பயணத்தை அறிந்தால் இரண்டு உண்மைகள் தெளிவாகும். முதலாவது, 'மக்கும் தன்மை கொண்டது' என்று அச்சிட்ட தட்டும் கரண்டியும் இங்கே பெரிய தீர்வல்ல. ஒரு பொருள் மக்குவதற்கு ஈரம் வேண்டும், நுண்ணுயிர் வேண்டும், காலம் வேண்டும். எரி உலைக்குள் இவை எதுவும் இல்லை. பிளாஸ்டிக் தட்டும் மக்கும் தட்டும் ஒரே நெருப்பில்தான் விழுகின்றன. ஒரு முறை பயன்படுத்தும் பொருளுக்குப் பதில் இன்னொன்றை வாங்குவது சுற்றுப்புறத்துக்கு நன்மை என்று சொல்லிவிட முடியாது என்பதைத் தேசிய சுற்றுப்புற வாரியமும் எடுத்துக்கூறியுள்ளது.

இரண்டாவது, மறுசுழற்சி நம்மைக் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கையும் விருந்து விஷயத்தில் பலிக்காது. கிரீமும் குழம்பும் ஒட்டிய தட்டை நீல நிறத் தொட்டியில் போட்டால், அதில் ஏற்கெனவே கிடக்கும் நல்ல தாள்களும் கெட்டுவிடும். நீலத் தொட்டிகளில் சேர்வனவற்றில் ஏறத்தாழ 40 விழுக்காடு இப்படி அசுத்தமாகி வீணாகின்றன. 2022இல் வீட்டுக் கழிவு மறுசுழற்சி விகிதம் 12 விழுக்காடுதான். ஆக, நமக்கு இருக்கும் சிறந்த வழி பழையதுதான்: வாங்காமல் இருப்பது, இருப்பதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது.

விருந்து

இதை வீட்டிலேயே செய்து பார்க்கும் வாய்ப்பு, என் அக்காள் மகளின் முதல் பிறந்தநாளில் கிடைத்தது. புளோக்கின் கீழ்த்தளத்தில் விருந்து; விருந்தினர் 60 பேர். வழக்கமான முறையில் ஒருவருக்குத் தட்டு ஒன்று, கிண்ணம் ஒன்று, குவளை இரண்டு, கரண்டி ஒன்று, முள்கரண்டி ஒன்று, தண்ணீர்ப் போத்தல் ஒன்று என்று கணக்கிட்டேன். மொத்தம் 420 பொருள்கள். மூன்று மணி நேரத்துக்கு 420 பொருள்கள்! தாள் குவளையாயிற்றே என்று நினைக்கலாம். அதன் உட்புறத்திலும் நீர் கசியாமலிருக்க மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு.

நாங்கள் நான்கு வீடுகளிலிருந்து எவர்சில்வர் தட்டுகளையும் டம்ளர்களையும் திரட்டினோம். போத்தல்களுக்குப் பதில் குழாய் வைத்த இரண்டு பெரிய நீர்க்கலன்கள். தட்டுக் கழுவ ஆறு பேர் முன்வந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. இரவல் வாங்க முடியாதவர்கள் உணவு வழங்கும் நிறுவனத்திடமே கழுவிப் பயன்படுத்தும் தட்டுகளைக் கேட்கலாம். சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்தில் தருகின்றன, கேட்பவர்கள்தாம் குறைவு.

வாழையிலையும் நல்ல வழியே. தேக்கா சந்தையில் எளிதாகக் கிடைக்கிறது. அதுவும் ஒரு முறை பயன்படுத்தும் பொருள்தானே, அதுவும் உலைக்குத்தானே போகிறது என்று ஒருவர் கேட்டால், ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அது எண்ணெயிலிருந்து ஆலையில் வார்க்கப்பட்டதன்று; மரத்தில் தானே வளர்ந்தது. தட்டுக் கழுவ ஆள் இல்லாத இடத்தில் இலை போடுங்கள். ஆள் இருக்கும் இடத்தில் தட்டு வையுங்கள்.

உணவின் அளவும் முக்கியம். வாங்கி வரும் விருந்துணவைச் சமைத்து 4 மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும் என்பதால், மிஞ்சியதை மறுநாளுக்குக் கட்டிக் கொடுப்பது எப்போதும் பாதுகாப்பானதன்று. ஆகவே முன்கூட்டியே வருவோரை உறுதிசெய்து, அதற்கேற்பச் சொல்லுங்கள். 60 பேரை அழைத்துவிட்டு 80 பேருக்கு உணவு சொல்வது நம்மவர் பழக்கம். அந்த இருபது பேர் சாப்பாடு பெரும்பாலும் குப்பைக்கே போகிறது.

அலங்காரம்

பலூன் இல்லாமல் பிறந்தநாளா என்று கேட்பவர்கள் பலர். பளபளக்கும் எண் வடிவப் பலூன்கள், உலோகப் பூச்சுப் பூசிய பிளாஸ்டிக் தாளால் ஆனவை. அவற்றை மறுசுழற்சிக்குப் போட முடியாது. ரப்பர் பலூன் இயற்கைப் பொருள் என்றாலும் மக்குவதற்கு நெடுநாள் ஆகும். கடலில் விழுந்த துண்டுகளை ஆமைகள் உணவென்று விழுங்குகின்றன. பலூனை மிதக்க வைக்கும் ஹீலியமோ, நிலத்தடியில் இயற்கை எரிவாயுவோடு சேர்த்து எடுக்கப்படும் வாயு. மருத்துவமனைகளின் எம்ஆர்ஐ கருவிகளைக் குளிர்விக்க அது தேவைப்படுகிறது. காற்றில் விட்டால் அது மேலெழுந்து, காலப்போக்கில் விண்வெளிக்கே தப்பிவிடும். மீட்க வழியில்லை.

மாற்று நம் கையிலேயே இருக்கிறது. மாவிலைத் தோரணம், அரிசி மாவுக் கோலம், பின்திரையாக அம்மாவின் பழைய பட்டுப்புடவை. புகைப்படத்தில் பளபளப்புத் தாளைவிடப் புடவை அழகாகவே விழும். இன்னொரு யோசனை: 'பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று துணியில் எழுதி ஒரு பதாகை செய்துகொள்ளுங்கள். அதில் பெயரும் வேண்டாம், வயதும் வேண்டாம். குடும்பத்தில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் அதே பதாகை தொங்கும். 21 என்ற எண்ணையும் ஒரு பெரிய சாவியையும் ஃபோம் பலகையில் வெட்டி வைப்பவர்கள், மறுநாள் அதை எங்கே வைப்பது என்பதையும் முன்னரே யோசிக்கலாம்.

அன்பளிப்பு

நல்ல அன்பளிப்புக்கு நம் அடுக்களையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பழைய எவர்சில்வர் பாத்திரங்களின் விளிம்பைப் பாருங்கள். கொடுத்தவர் பெயரும் தேதியும் புள்ளி புள்ளியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். என் பெரியம்மா வீட்டுத் தட்டொன்றில் 1978 என்று இருக்கிறது. கொடுத்தவர் இன்று இல்லை, தட்டு இருக்கிறது. நீண்டநாள் உழைக்க வேண்டும், கொடுத்தவரை நினைவூட்ட வேண்டும். அன்பளிப்புக்கு இந்த இரண்டு சோதனைகளும் போதும்.

மாணவர்களின் பணப்பைக்கு ஏற்ற சில வழிகளைச் சொல்கிறேன். பத்துப் பேர் பத்துச் சிறு பொருள்கள் வாங்குவதைவிட, பணம் சேர்த்து நண்பருக்கு உண்மையில் தேவையான ஒன்றை வாங்கலாம். பிராஸ் பாசா வளாகத்தின் பழைய புத்தகக் கடைகளில் நல்ல நூல்கள் கிடைக்கும். கறிவேப்பிலைச் செடியின் வேரருகே முளைக்கும் கன்றைப் பிரித்துத் தொட்டியில் நட்டுக் கொடுக்கலாம். தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் கொசு பெருகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். தாத்தா பாட்டிக்கு என்றால், ஒரு மாலைப்பொழுது அவர்களோடு அமர்ந்து, பழைய புகைப்படங்களை நகலெடுத்து, அவற்றின் கதைகளை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து கொடுங்கள். கடையில் வாங்க முடியாத பரிசு அது.

சுற்றும் தாளுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. கையில் கசக்கிப் பாருங்கள். சுருங்கியபடியே இருந்தால் பெரும்பாலும் வெறும் தாள். மீண்டும் விரிந்தால் அதில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது. தமிழ் முரசின் பழைய இதழில் சுற்றி, சணல் கயிறு கட்டி, ஒரு செம்பருத்திப் பூவைச் செருகினால், தமிழ் படிக்கும் நண்பருக்கு அதுவே ஒரு வாழ்த்து.

யார் என்ன நினைப்பார்கள்?

இத்தனையும் தெரிந்தும் நாம் தயங்குவதற்குக் காரணம் வேறு. "எவர்சில்வர் தட்டா? வந்தவங்க என்ன நினைப்பாங்க? செலவு பண்ண மனசில்லன்னு பேச மாட்டாங்களா?" என்று பெரியம்மா கேட்டார். அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. விருந்தோம்பல் நமக்குப் பெருமைக்குரியது. வந்தவர் குறைவாக நினைத்துவிடுவாரோ என்ற அச்சம் அதனுள்ளேயே இருக்கிறது. ஆனால், எறிந்துவிடும் தட்டில் சோறு போடுவது எப்போதிருந்து மரியாதையாயிற்று என்று அக்காள் கேட்டபோது பெரியம்மாவிடம் பதிலில்லை. சற்று நேரம் கழித்துத் தம் வீட்டுத் தட்டுகளை எண்ணத் தொடங்கினார். பதினெட்டு தட்டுகள் அவர் வீட்டிலிருந்துதான் வந்தன.

அழைப்பிதழிலும் ஒரு வரி சேர்த்திருந்தோம்: "பரிசு வேண்டாம். உங்கள் பிள்ளை படித்து முடித்த ஒரு தமிழ்க் கதைப்புத்தகம் போதும்." வந்த புத்தகங்களை மேசையில் அடுக்கி வைத்தோம். வந்திருந்த சிறுவர்கள் அவற்றிலிருந்து ஆளுக்கொன்றை எடுத்துச் சென்றார்கள். பிளாஸ்டிக் விசில் போட்ட அன்பளிப்புப் பைகள் தேவைப்படவே இல்லை.

2023 ஜூலை முதல் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் நம்மில் பலர் கையில் பை எடுத்துச் செல்லப் பழகினோம். விருந்துத் தட்டுக்கும் அப்படியொரு சட்டம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நம் பேரவை ஆண்டுதோறும் புகுமுக விருந்து, விடைபெறும் விருந்து என்று எத்தனையோ நடத்துகிறது. பேரவையின் அலமாரியில் 50 எவர்சில்வர் தட்டுகளும் 50 டம்ளர்களும் இருந்தால், உறுப்பினர்கள் தங்கள் பிறந்தநாளுக்கும் இரவல் பெறலாம். கழுவித் திருப்பித் தரவேண்டும் என்பது மட்டுமே விதி. பட்டம் பெற்றுச் செல்லும் ஒவ்வொரு அணியும் தன் ஆண்டைப் பொறித்துச் சில தட்டுகளை விட்டுச் செல்லட்டும். புதிய செயற்குழு இதைத் தன் முதல் கூட்டத்திலேயே பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் பத்துத் தட்டுகளுக்கு நான் பொறுப்பு.