கொதிக்க வைத்தால் போகாத கேடு



எங்கள் தெருவில் போர் தண்ணீரில் துவரம் பருப்பு போட்டால் ஒரு மணி நேரம் கொதித்தாலும் வேகாது. குடத்தில் இரண்டு நாள் வைத்தால் வெள்ளையாகப் படியும். ஆனாலும், "நல்லா கொதிக்க வச்சு ஆத்திக் குடிங்க, ஒண்ணும் செய்யாது" என்று சொல்பவர்கள்தான் அதிகம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கரைந்த உப்பும் குரோமியமும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற உப்பு கூடத்தான் செய்யும்.

திண்டுக்கல்லில் இது பழைய கஷ்டம். தோல் கெடாமல் இருக்க உப்பு தடவுவார்கள். பதனிட குரோமியம் சேர்ப்பார்கள். அந்தக் கழிவைப் பல வருஷம் அப்படியே வெளியே விட்டதால் நிலத்தடி நீர் கெட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் எங்கள் பகுதியும் வருகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்குப்படி, 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. பெண்களும் பிள்ளைகளும் குடிநீருக்காக மைல் கணக்கில் நடப்பதும் அதில் உண்டு. கெடுத்தவர்களே நஷ்டஈடும் தரணும், கெட்டதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்கணும் என்றது நீதிமன்றம்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கிணற்றுக் கணக்குதான். குழாயடியில் நாம் புலம்புவது காற்றோடு போய்விடும். எழுதி வைத்த கணக்கு கோர்ட் வரைக்கும் போயிற்று.

அதனால் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து அவரவர் வீட்டுத் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, வீட்டு எண், தேதி, போரின் ஆழம் எழுதி ஒட்டிப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். ஒரு வீட்டுத் தண்ணீர் தேறியது. மூன்றாவது வீட்டுத் தண்ணீர் தேறவில்லை! பாறை பூமியில் ஊற்று ஓடும் வழி வீட்டுக்கு வீடு மாறுமாம்.

கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2,000 வரை. குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சாதாரண சோதனையில் குரோமியத்தைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. தனியாகக் கேளுங்கள்.

வீட்டில் சுத்திகரிப்பு மிஷின் வைத்தால் நம் குடம்தான் சுத்தமாகும், பூமி ஆகாது. அது ஒதுக்கும் உப்புத் தண்ணீர் திரும்பவும் மண்ணுக்கே போகிறது. பூமி தேற வேண்டுமானால் முதலில் கழிவு வருவது நிற்கணும். குவிந்து கிடக்கும் குரோமியக் கசடை அள்ளணும். இல்லாவிட்டால் பெய்கிற மழையெல்லாம் அதைக் கரைத்து உள்ளே இறக்கும். அதன் பிறகும் வருஷக் கணக்கில் ஆகும்.

இப்போது எங்கள் தெருவில் குடிக்க, சமைக்கக் குழாய்த் தண்ணீர் மட்டும்தான். சோதனைத் தாள்களை இணைத்து மனுவும் கொடுத்திருக்கிறோம். மழைக்குப் பின் மறுபடி பரிசோதித்து, அந்தக் கணக்கையும் நோட்டில் ஏற்றுவோம்.

உங்கள் தண்ணீரில் சந்தேகம் இருந்தால் அடுப்பை நம்பாதீர்கள், சகோதரிகளே. அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.