மொரிஸ் மைனரின் டாஷ்போட் சொல்லும் ஆண்டு: பத்திரம் தொலைந்த காரை அடையாளம் காண்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் இன்றும் 'கண்டி வீதி' என்றே அழைக்கப்படும் ஏ9 வீதி கண்டியில் தொடங்குகிறது. அரச உத்தியோகத்தராகவும் ஆசிரியராகவும் வணிகராகவும் வடக்கிலிருந்து கண்டிக்கு வந்து குடியேறிய பல குடும்பங்கள் அந்த வீதியால்தான் ஊருக்குப் போய் வந்தன. 1950-களில் அவர்களில் வசதி உள்ளவர்கள் வாங்கிய கார்களில் மொரிஸ் மைனருக்கும் ஒஸ்டின் ஏ40-க்கும் தனி இடம் இருந்தது. சிறிய எஞ்சின், குறைந்த எரிபொருள் செலவு, கடுகண்ணாவ ஏற்றத்தைப் பொறுமையாக ஏறி முடிக்கும் உடல்வாகு ஆகியவை மைனரை மத்திய மலைநாட்டுக்கு ஏற்ற காராக்கின.

1983 ஜூலையில் கண்டியில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. வடக்கிலும் கிழக்கிலும் அதற்குப் பின் வந்த இடப்பெயர்வுகளைச் சொல்லத் தேவையில்லை. உறுதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் போன்றவற்றோடு வாகனப் பதிவுப் புத்தகங்களும் எரிந்தன அல்லது கைவிடப்பட்டன. சில இடங்களில் கார் மட்டும் கொட்டிலில் எஞ்சியது. வேறு சில குடும்பங்களிடம் காரும் இல்லை, அதன் முன்னால் நின்று எடுத்த ஒரு புகைப்படம் மட்டுமே இருக்கிறது.

இப்போது அந்தப் பழைய கார்களைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இந்த இடைவெளியில் பழைய வாகனங்களுக்கும் கேள்வி கூடியது. காரின் வயது தெரியாத உரிமையாளர் அதைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுவதும், வாங்குபவர் வேறு ஆண்டின் பாகங்கள் பூட்டிய காருக்கு அதிக விலை கொடுப்பதும் நடக்கக்கூடியவை. இரண்டையும் தவிர்க்க உதவும் எளிய இடம் ஒன்று காருக்குள்ளேயே இருக்கிறது. அது டாஷ்போட்.

ஏன் டாஷ்போட்?

மொரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரை உருவாக்கியவரும் அவரே. 1948 ஒக்டோபரில் லண்டன் கண்காட்சியில் அறிமுகமான மைனர் 1970-களின் தொடக்கம் வரை தயாரிக்கப்பட்டது. மொத்தம் 16 இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் வெளிவந்தன.

இத்தனை ஆண்டுகளிலும் வெளித்தோற்றம் பெரிதாக மாறவில்லை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எல்லா மைனரும் ஒன்றுதான். ஆனால் சாரதிக்கு முன்னால் உள்ள பலகை சில தடவைகள் தெளிவாக மாற்றப்பட்டது. அந்த மாற்றங்கள் நடந்த காலம் தெரிந்தால், எண் எதுவும் இல்லாமலே காரின் வயதை இரண்டு மூன்று ஆண்டு இடைவெளிக்குள் கொண்டுவந்துவிடலாம்.

1948 முதல் 1954 வரை: மீற்றர் சாரதிக்கு நேரே

முதல் வகை 'எம்எம்' எனப்படும். அதில் 918 சீசீ எஞ்சின் இருந்தது. ஒஸ்டின், மொரிஸ் நிறுவனங்கள் 1952-இல் ஒன்றிணைந்து பி.எம்.சி ஆனதும் ஒஸ்டினின் 803 சீசீ எஞ்சின் பூட்டப்பட்ட 'சீரிஸ் 2' வந்தது. எஞ்சின் மாறினாலும் டாஷ்போட் உடனே மாறவில்லை.

இந்தக் காலத்துக் கார்களில் வேக மீற்றர் ஸ்டியரிங்குக்கு நேரே, சாரதியின் பக்கத்தில் இருக்கும். பெற்றோல் அளவைக் காட்டவும் ஒயில் அழுத்தத்தைக் காட்டவும் தனித்தனி மீற்றர்கள் உண்டு. முன்கண்ணாடி நடுவில் ஒரு கம்பியால் பிரிக்கப்பட்ட இரண்டு தட்டைக் கண்ணாடிகளாக இருக்கும். மிகப் பழைய எம்எம் கார்களில் முன்விளக்குகள் கீழே, கிரில்லோடு சேர்ந்து இருக்கும். பின்னர் அவை மட்காட்டின் மேற்பகுதிக்கு ஏறின.

1954 ஒக்டோபர்: மீற்றர் நடுவுக்கு வந்தது

மைனரின் வரலாற்றில் மிகத் தெளிவான எல்லைக்கோடு இதுதான். 1954 ஒக்டோபரில் கிரில் கிடைக்கோட்டுப் பட்டைகளாக மாற்றப்பட்டது. டாஷ்போட்டும் புதிதாக வந்தது. ஒரே ஒரு பெரிய வட்ட மீற்றர் பலகையின் நடுவில் அமர்ந்தது. பெற்றோல் அளவு அந்த வட்டத்துக்குள்ளேயே அடங்கியது. ஒயில் அழுத்த மீற்றர் போய், அதற்குப் பதிலாக எச்சரிக்கை விளக்கு வந்தது. மீற்றரின் இரு பக்கங்களிலும் மூடி இல்லாத பொருள் பெட்டிகள் இருந்தன.

ஒரே பலகை வலப்பக்க ஸ்டியரிங்குக்கும் இடப்பக்க ஸ்டியரிங்குக்கும் பொருந்தியது, ஏற்றுமதிக் கார்களுக்கு வசதியாகவும் இருந்தது.

பிரிந்த முன்கண்ணாடியும் நடுவில் மீற்றரும் ஒரே காரில் இருந்தால், அது 1954 ஒக்டோபருக்கும் 1956-க்கும் இடைப்பட்ட கார். வேறு எந்தக் காலத்திலும் தொழிற்சாலை இந்த இரண்டையும் சேர்த்துத் தயாரிக்கவில்லை.

1956: மைனர் 1000

1956 இலையுதிர் காலத்தில் 948 சீசீ எஞ்சினுடன் 'மைனர் 1000' வந்தது. பிரிந்த கண்ணாடி போய், வளைந்த ஒற்றை முன்கண்ணாடி வந்தது. பின்கண்ணாடியும் பெரிதானது. நடு மீற்றர் தொடர்ந்தது. இரு பக்கப் பெட்டிகளுக்கும் மூடி வந்தது.

எஞ்சினைக் கிளப்ப ஒரு குமிழை இழுக்க வேண்டும். சாவி மின்சாரத்தைத் திறக்க மட்டுமே. சோக் குமிழ் தனியாக இருக்கும். திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து எழும்பும் 'கை' சிக்னல் 1961 வரை இருந்தது. அந்த ஆண்டு ஒக்டோபரில்தான் மின்னும் விளக்குகள் வந்தன. 1962-இல் எஞ்சின் 1098 சீசீ ஆனது.

1964 ஒக்டோபர்: சாவியால் ஸ்டார்ட்

கடைசிப் பெரிய மாற்றம் இது. இழுக்கும் குமிழ் நீக்கப்பட்டு, சாவியைத் திருப்பியே எஞ்சினைக் கிளப்பும் முறை வந்தது. ஸ்டியரிங் இரண்டு கைகள் கொண்டதாக மாறியது. பயணியின் பக்கப் பெட்டிக்கு மட்டும் மூடி, சாரதியின் பக்கம் திறந்த பெட்டி என்ற அமைப்பு வந்தது.

இலங்கையில் இந்தக் கடைசி வகை குறைவு. 1960-களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. நம் ஊர்களில் எஞ்சியுள்ள மைனர்களில் பெரும்பாலானவை 1950-களில் வந்திறங்கியவை என்பதற்கு இதுவே காரணம்.

மாற்றிப் பூட்டியதைக் கண்டுபிடிப்பது

டாஷ்போட் பொய் சொல்லாது, ஆனால் அதில் பூட்டியிருக்கும் பாகங்கள் சொல்லலாம். நம் நாட்டில் மைனர்கள் உயிர் தப்பியதே பாகம் மாற்றித்தான். இறக்குமதி இல்லாத காலத்தில் ஒரு கார் செத்தால் அதன் உறுப்புகள் மூன்று கார்களுக்குப் போயின.

1990-க்குப் பிறகு வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தபோது இது உச்சத்துக்குப் போனது. பெற்றோல் கிடைக்காத நிலையில் மைனரும் ஏ40-யும் மண்ணெண்ணெயில் ஓடின. முதலில் சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் இது சாத்தியமானது. 803 சீசீ எஞ்சினில் அது 7.2-க்கு 1 அளவில்தான் இருந்தது. நோயாளியையும் கர்ப்பிணியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வாகனங்கள் அவை. அப்படி ஓடிய காரில் எல்லாப் பாகமும் ஒரே ஆண்டுக்குரியதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

2002-இல் ஏ9 வீதி திறக்கப்பட்டதும் தெற்கிலிருந்து வந்தவர்கள் வடக்கின் பழைய கார்களை வாங்கிச் சென்றார்கள். 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. இன்று கண்டியிலோ பேராதனையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ நீங்கள் பார்க்கும் ஒரு மைனர் வடக்கிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

எது இலகுவாக மாறும், எது மாறாது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மீற்றர், சுவிட்ச், பெட்டி மூடி, ஸ்டியரிங் ஆகியவற்றை ஒரு பின்னேரத்தில் கழற்றிப் பூட்டலாம். டாஷ்போட்டின் இரும்புத் தகடும் முன்கண்ணாடிச் சட்டமும் காரின் உடலோடு சேர்ந்தவை. அவற்றை மாற்றுவதற்கு வெட்டி ஒட்ட வேண்டும். அதனால் முதலில் தகட்டின் வடிவத்தைப் பாருங்கள். புதிதாகத் துளைத்த ஓட்டை, அடைத்த ஓட்டை, வெல்டிங் தழும்பு ஆகியவற்றைத் தகட்டின் பின்புறத்தில் டோர்ச் அடித்துத் தேடுங்கள். சாவி ஸ்டார்ட் இருக்கும் பலகையில் பழைய இழுப்புக் குமிழின் துளையும் இருந்தால், அந்தப் பலகை 1964-க்கு முந்தியது.

மீற்றரிலும் ஒரு சோதனை உண்டு. ஸ்மித்ஸ் நிறுவனம் செய்த மீற்றர்களின் முகப்பில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். அதிலுள்ள எண், ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை தடவை சுற்ற வேண்டும் என்பதைக் குறிக்கிறது. 948 சீசீ காரின் பின் அச்சு விகிதம் 4.55. 1098 சீசீ காரில் அது 4.22. 948-இன் மீற்றரை 1098 காரில் பூட்டினால், மற்றவை ஒன்றாக இருக்கும் பட்சத்தில், அது உண்மையான வேகத்தை விடச் சுமார் 7 வீதம் குறைத்துக் காட்டும். 60 மைல் வேகத்தில் ஓடும்போது முள் 56-க்குக் கிட்ட நிற்கும். கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். மீற்றரில் உள்ள மைல் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஐந்து இலக்கம்தான், 99,999-க்குப் பின் மீண்டும் பூச்சியத்தில் தொடங்கும்.

எண்களோடு ஒப்பிடுதல்

பொனட்டைத் திறந்தால் பின்சுவரில் ஒரு சிறிய தகடு இருக்கும். அதிலுள்ளதே செசி இலக்கம். 1950-களின் பிற்பகுதியிலிருந்து அதன் முன்னெழுத்துகள் பொருள் உள்ளவை. 'எம்' என்றால் மொரிஸ், 'ஏ' என்றால் ஏ வகை எஞ்சின், '2எஸ்' என்றால் இரண்டு கதவு. அதற்கு அடுத்த எண் 3 என்றால் 948 சீசீ காலம், 5 என்றால் 1098 சீசீ காலம்.

எஞ்சின் இலக்கம் 'ஏபிஎச்எம்' என்று தொடங்கினால் அது 803 சீசீ. '9எம்' என்றால் 948. '10எம்ஏ' என்றால் 1098. எஞ்சின் மாறியிருக்கலாம் என்பதால் செசி இலக்கத்துக்கே முதலிடம்.

வெளியே உள்ள இலக்கத் தகடும் ஒரு சாட்சி. ஈஎன், ஈவை, சிஎன் போன்ற ஆங்கில எழுத்துகள் பழைய பதிவுகள். 1950-களின் பிற்பாதியில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. அந்த எழுத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி நடத்திய போராட்டத்தையும், 1958 ஏப்ரலில் பண்டா-செல்வா ஒப்பந்தம் கிழிக்கப்பட்டதையும், அடுத்து வந்த வன்முறையையும் நம் வாசகர்கள் அறிவார்கள். காரின் வயதைக் கணக்கிடுபவருக்கு அது ஒரு தேதிக்குறியும்கூட. ஆங்கில எழுத்துத் தகடு உள்ள காரில் 1964-இன் சாவி ஸ்டார்ட் பலகை இருந்தால் அதைக் கேள்வி கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கப்பலில் வந்து இறங்கிப் பதிவாகச் சில மாதங்கள் ஆகும். 1954 முடிவில் செய்த கார் 1955-இல் பதிவாகியிருப்பது பிழை அல்ல.

புகைப்படம் மட்டும் இருந்தால்

காரே இல்லாத குடும்பங்களுக்கும் இந்த அறிவு பயன்படும். கலியாணப் படத்திலோ கோயில் வாசலில் எடுத்த படத்திலோ முன்கண்ணாடி பிரிந்ததா ஒற்றையா என்று பாருங்கள். கண்ணாடியூடாக ஸ்டியரிங்குக்குப் பின்னால் வட்டம் தெரிகிறதா, நடுவில் தெரிகிறதா என்று பாருங்கள். கிரில்லின் பட்டைகள் கிடையாக உள்ளனவா என்பதையும் பாருங்கள். படம் எந்த ஆண்டுக்குப் பிந்தியது என்பதாவது தெரியும். திகதி எழுதாத குடும்பப் படங்களை வரிசைப்படுத்த இது உதவும். இலக்கத் தகடு வாசிக்கக்கூடியதாக இருந்தால் அதை உடனே எழுதி வையுங்கள்.

அடுத்து என்ன?

பதிவுப் புத்தகம் தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியுடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மறுபிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பதிவில் உள்ளவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் உரித்தைக் காட்டும் ஆவணங்களும் தேவைப்படும். போவதற்கு முன் செசித் தகடு, எஞ்சின் இலக்கம், இலக்கத் தகடு, டாஷ்போட்டின் முன்புறம், பின்புறம் ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த செசித் தகட்டை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். எண் அழிந்தால் காரின் அடையாளமே போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும்.

டாஷ்போட் உரிமையை நிரூபிக்கும் ஆவணம் அல்ல. ஆனால் செசி இலக்கமும் இலக்கத் தகடும் டாஷ்போட்டும் ஒரே ஆண்டைச் சொன்னால், விலை பேச வருபவர் முன்னிலையில் நீங்கள் தடுமாற வேண்டியதில்லை. விற்பதா வைத்திருப்பதா என்பது உங்கள் முடிவு. அந்த முடிவை எடுக்கும் வரை பழைய மீற்றரையோ மூடியையோ தனியாகக் கழற்றி விற்க வேண்டாம். முழுமையாக உள்ள காருக்குத்தான் மதிப்பு.